‘பொருந்தாது’ என்று எழுத மாட்டேன்

கணினி மொழி செய்கிறவர்களிடம் போய், உலகத்திலேயே இனிப்பான சொல் எது என்று கேட்டுப் பாருங்கள். கட்டிய மனைவியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பெற்ற பிள்ளையின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ‘பொருந்தாது’ என்பார்கள்.

விஷயம் இதுதான். நிரல் எழுதும்போது எங்கெங்கே ஓட்டை விழும், விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பல நாட்டு ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வழிகாட்டி எழுதுகிறார்கள். அதில் மொழிக்கு ஒரு பகுதி. இந்த ஓட்டை இந்த மொழியில் வருமா, வரும் என்றால் எப்படித் தப்பிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஓட்டையே வராது என்றால் ஒரே வரிதான்: ‘இந்த மொழிக்குப் பொருந்தாது.’ அந்த ஒரு வரிக்காகப் படித்த மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு மல்லுக்கு நிற்பதைப் பார்த்தால், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்களே தேவலாம் என்று இருக்கும்.

இந்தக் கதையில் வரும் தங்கைக்கு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அடுத்தவர் எழுதியதை உடைத்துக் காட்டுவதற்குச் சம்பளம். குழுவில் அவளிடம் ஒரு மொழியின் பகுதியை ஒப்படைத்திருந்தார்கள். அந்த மொழியைச் செய்தது வேறு யாரோ இல்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதில் பெரிய நிரல்கள் எழுதிப் பழகியவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர், இந்தக் குழுவில் அவள் ஒருத்திதான்.

“அண்ணன்கிட்ட குத்தம் கண்டுபிடிக்கணும்னா தங்கச்சிக்குச் சொல்லியா தரணும்?” என்று குழுத் தலைவர் அன்றைக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல மொழி. மற்ற மொழிகள் தடுமாறி விழுகிற எத்தனையோ இடங்களில் அது சிங்கம் மாதிரி நிற்கும். பக்கம் பக்கமாக ‘பொருந்தாது’ என்று எழுதும்போது அவளுக்கே பெருமையில் முகம் மலர்ந்தது. வைத்த இடம் கொள்ளாமல் எண் நிரம்பி வழிகிற ஓட்டைக்கு வந்தபோதுதான் கை நின்றது.

கூட்டத்தன்று காலை, விடுதியின் சாப்பாட்டு அறையில் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தான். மொழியைச் செய்தவன் என்பதால் அவனுக்கும் கூட்டத்தில் இடம் உண்டு.

“எண் நிரம்புறதுக்கு என்ன எழுதியிருக்க?” என்றான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

“பொருந்தும்னு.”

கத்தி அப்படியே நின்றது. “விளையாடுறியா?”

“இல்லண்ணா.”

“நம்ம மொழில எண் நிரம்புச்சுன்னா நிரல் கத்திட்டு நின்னுடும். அது உனக்கே தெரியும்.”

“சோதனை ஓட்டத்துல கத்தும். வெளிய குடுக்கிற பதிப்புல அப்படிக் கத்தவைக்கிற காவலையே நீ எடுத்துடுற. யாரும் கேக்காமலே எடுத்துடுற. எண் பாட்டுக்குச் சத்தமில்லாம பூஜ்யத்துக்குப் போயிடுது.”

“வேகம் வேணாமா? காவல் வேணும்னா வெச்சுக்கலாம்னு கையேட்டுல எழுதியிருக்கேன்ல?”

“எந்த மூலையில எழுதியிருக்க? உன் மொழியிலயே குடித்தனம் பண்ற நானே தேடித்தான் கண்டுபிடிச்சேன்!”

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். குரல் இறங்கிவிட்டது. அவன் கத்தினால் பரவாயில்லை, குரல் இறங்கினால்தான் அவளுக்குப் பயம். “ரயில்காரங்க அடுத்த மாசம் முடிவெடுக்கிறாங்க. தண்டவாளத்துல சக்கரம் எண்ணுற பெட்டி எல்லாத்துக்கும் நம்ம மொழியைப் போடலாமான்னு. இந்த வழிகாட்டியைத்தான் புரட்டிப் பார்ப்பாங்க. என் வாழ்நாள்ல இதுவரைக்கும் எவனாவது சீந்தியிருக்கானா இந்த மொழியை? முதல் தடவையா ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கிறான். நீ கதவைச் சாத்துற.”

அவளுக்குத் தெரியாதா? வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், வீட்டுச் செலவு முழுவதையும் அண்ணி தலையில் சுமந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் ‘இன்னும் அந்த பொம்மையைத்தான் நோண்டுறானா’ என்று கேட்டார்கள். அப்போது அண்ணியைத் தவிர அவன் பக்கம் நின்றவள் தங்கை ஒருத்திதான். அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவளைப் போல ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. அதனாலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“சக்கரம் எண்ணுற பெட்டிங்கிறதாலதான் எழுதுறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தேநீரை அவள் தொடவே இல்லை.

கூட்ட அறையில் நீள மேசை, ஆளுக்கு ஒரு மைக், காலடியில் பின்னிக் கிடக்கும் ஒயர்கள், பல்லைக் கிட்டவைக்கும் குளிர். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்பார். யாரும் மைக்கை அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எத்தனையோ அபத்தங்கள் அந்த மௌனத்தில் ஏறி ஊர்வலம் போயிருக்கின்றன. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் மௌனம் இன்னும் தாராளமாகக் கிடைக்கும்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியபோதுதான் அந்த வரி வந்தது. அண்ணன் மைக்கை அழுத்தினான். “இதுல ஒரு திருத்தம். ‘பொருந்தாது’ன்னு போடணும். மொழியில காவல் இருக்கு.”

மேசையின் அந்தக் கோடியில் வாசகம் சரிபார்க்கிற மனிதர் ஒருவர் இருந்தார். எந்தச் சண்டையையும் பூசி மெழுகித் தீர்த்துவைப்பார். தங்கை மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் வழவழா. அவர் தொண்டையைச் செருமினார். “ரெண்டு பேர் மனசும் நோகாம, ‘சில சூழ்நிலைகளில் பொருந்தக்கூடும்’னு போட்டுடலாமே?”

அறை முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. அண்ணனே தலையாட்டிவிட்டான். ‘சில சூழ்நிலைகளில்’ என்றால் ரயில்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“ஆட்சேபம் உண்டா?” என்றார் தலைவர்.

அண்ணன் அவளைப் பார்த்தான். மிரட்டல் பார்வை இல்லை, கெஞ்சல் பார்வை. பாவி, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் மைக்கை அழுத்தினாள்.

“உண்டு. காட்டுறேன், பாருங்க.”

அவள் கணினியில் இருந்தது சுவரில் தெரிந்தது. அண்ணன் மொழியில் எழுதிய குட்டி நிரல். ரயில் பாதையில் ஒரு துண்டு. அதற்குள் உருண்டு போகிற சக்கர ஜோடிகளைப் பெட்டி எண்ணும், வெளியே வருகிறதைக் கழிக்கும். பூஜ்யம் என்றால் பாதை காலி, அடுத்த வண்டியை விடலாம். எண் வைக்கும் இடமோ சின்னது, இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். சோதனை ஓட்டத்தில் ஓட்டிக் காட்டினாள். அதற்கு மேல் ஒரு ஜோடி உருண்டதும் நிரல் கத்திவிட்டு நின்றது. அப்புறம் வெளியே கொடுக்கும் பதிப்பில் ஓட்டினாள். அது கத்தவில்லை, எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விட்டது. சமர்த்தாக ஒரு வரி எழுதியது: ‘பாதை காலி.’

“காலியா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நீளமான சரக்கு வண்டி ஒண்ணு முழுசா நிக்குது. பெட்டி சொல்லுது காலின்னு.”

“இது வேணும்னே ஜோடிச்ச உதாரணம்!” என்று அண்ணன் பொரிந்தான். “இவ்வளவு சின்ன இடத்துல எவன் எண்ணுவான்?”

“இடம் மிச்சம் பிடிக்கிறவன் எண்ணுவான். அவனைத் தடுக்கத்தான் இந்த வழிகாட்டியே. தப்பே பண்ணாதவனுக்கு நாம எதுக்கு மாங்கு மாங்குன்னு எழுதணும்?”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பசி யாரை விட்டது? “வேற யாருக்காவது ஆட்சேபம்?” என்றார். ஒரு மைக்கின் விளக்கும் எரியவில்லை. “அம்மா, நீங்க ஒருத்தர்தான். உங்க ஆட்சேபத்தைக் குறிச்சுக்கிறோம். ‘சில சூழ்நிலைகளில்’னு போட்டுட்டு மேல போகலாமா?”

சரி என்று ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் கேட்டார்கள். தலையாட்டினால் அண்ணன் பிழைப்பான், அண்ணி சிரிப்பாள், எல்லோரும் சாப்பிடப் போகலாம். எவன் தலையெழுத்தோ எந்தத் தண்டவாளத்திலோ. தங்கைக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

“தாராளமாப் போட்டுக்கோங்க. என் பேரை எடுத்துடுங்க.”

“எதுலேர்ந்து?”

“பகுதியோட தலைப்புலேர்ந்து. எழுதினவர்னு என் பேர் இருக்கில்ல? பொய்க்கு மேல என் பேர் இருக்காது.”

மொழியின் பகுதிக்கு மேலே பொறுப்பாளர் பெயர் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதி அச்சுக்குப் போகாது. அந்த மொழி தெரிந்தவர்தான் பெயர் போட முடியும். தலைவர் மெதுவாகத் திரும்பினார். அறையே திரும்பியது. அண்ணன் பக்கம்.

“அப்படின்னா நீங்கதான் பொறுப்பேத்துக்கணும்” என்றார் தலைவர்.

தங்கை தன் கணினியை மேசைமேல் அப்படியே அவன் பக்கம் நகர்த்தினாள். “எழுதுண்ணா. உன் மொழி, உன் கை. ‘சில சூழ்நிலைகளில்’ எல்லாம் எதுக்கு? ‘பொருந்தாது’ன்னே போடு. தைரியமாப் போடு.”

“கூடப்பிறந்தவளா நீ?” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆமா. அதனாலதான் உன்னை விட்டுட்டுப் போகாம இங்கயே உக்காந்திருக்கேன்.”

அண்ணன் கணினியை வெடுக்கென்று இழுத்தான். தன் பெயரைத் தடதடவென்று அடித்தான். சாவிப்பலகை அலறியது. அவள் பெயர் போய் அவன் பெயர் வந்தது, சுவரில் பெரிதாக. அடுத்தது அந்த வரி. ‘பொரு’ என்று அடித்தான்.

விரல் நின்றது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது.

“சரக்கு வண்டி நிக்கிற பாதையில பயணிகள் வண்டியும் வருமா?” என்றான், அவளைப் பார்க்காமலே. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“வரும்ணா. ஒரே பாதைதான்.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். அப்புறம் அடித்தான். ‘பொருந்தும்’ என்று வந்தது. அதோடு விடவில்லை. ‘வெளியே கொடுக்கும் பதிப்பில் இந்த மொழி காவலைத் தானாகவே நீக்கிவிடும். காவல் இல்லாமல் எதையும் எண்ண வேண்டாம்’ என்று கீழே சேர்த்தான். ரயில்காரர்கள் படித்துவிட்டு வேறு வாசலுக்குப் போவதற்கு அந்த இரண்டு வரி தாராளமாகப் போதும்.

வழவழா மைக்கை அழுத்தினார், பாவம், நல்ல எண்ணத்தோடுதான். “இவ்வளவு கடுமையா வேண்டாமே. ‘சில நேரங்களில் நீக்கிவிடக்கூடும்’னு கொஞ்சம்...”

“சில நேரமா?” அண்ணன் போட்ட சத்தத்தில் மேசைமேல் இருந்த தண்ணீர் ஆடியது. “எல்லா நேரமும்! அந்தக் காவலை எடுத்தவனே நான்தான்யா. எனக்குத் தெரியாதா? ஒரு எழுத்தை மாத்திப் பாருங்க, பார்க்கலாம்!”

தலைவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

அண்ணன் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாக முறைத்துக்கொண்டே வந்தான். யாரும் மைக்கைத் தொடவில்லை.