ரேலீனின் பந்தல்

ஃபார்கோ நகரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தரைவிரிப்புக் கடை நடத்தியவர் ஆர்வில் ஸ்டென்செத். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் விரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். மருமகளின் குணம், முழங்கால் வலி, நாய் செத்துப்போன கதை எல்லாவற்றையும் அந்த விரிப்பின் மேலேயே கொட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆர்வில் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இத்தனைக்கும் அவர் பேச்சு குறைந்த வம்சத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தன் கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்குச் சொன்ன 'சரி'யைத் தவிர வேறெதுவும் பேசவில்லை என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

கடையை விற்ற அன்று சாயங்காலம் மனைவி மார்லிஸிடம் தன் திட்டத்தைச் சொன்னார்.

"இனிமே ஒரு மனுஷ மூஞ்சியையும் பாக்க வேண்டாம் எனக்கு. ஒரு வீட்டுவண்டி வாங்குவோம். பாலைவனமாப் பாத்துப் போய் உக்காருவோம்."

"அப்ப என் மூஞ்சி?"

"அது பழகிடுச்சு."

மார்லிஸ் சிரித்தாள். அவளும் அதே கடையில்தான் வேலை பார்த்தவள். பின்னறையில் கணக்கு. ஜன்னல் இல்லாத அறை. சுற்றிலும் சுருட்டி வைத்த விரிப்புகள்.

புது வண்டி வாங்க வசதி போதாது. பழசிலேயே ராஜவண்டியாக ஒன்று டெக்சாஸில், அமரில்லோவுக்கு வெளியே விலைக்கு இருப்பதாகத் தெரிந்து இருவரும் போனார்கள். விற்கிறவள் பெயர் ரேலீன் பர்விஸ். ஊர் ஊராக முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தவள். அவள் தலைமுடியே ஒரு சின்னக் கோபுரம்.

"நாலாவது புருஷன் படகு வாங்கிட்டாரு கண்ணு. அவருக்குத் தண்ணின்னா உசுரு. மூணாமவருக்கும் தண்ணிதான் உசுரு, அது வேற தண்ணி. வா, உள்ள வந்து பாரு."

பேருந்து நீளத்துக்கு நின்றது வண்டி. கத்திரிப்பூ நிறம். பின்பக்கம் முழுக்க மூன்று குதிரைகள் பாய்ந்துகொண்டிருந்தன. நடுக்குதிரை கண்ணடித்தது. அதைப் பார்த்ததுமே ஆர்வில் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். ஆனால் உள்ளே காலை வைத்தவர் வாயடைத்துப்போனார். தோல் சோபா, பளிங்குச் சமையல் மேடை, வெந்நீர் ஓடிச் சூடேறும் தரை, மின்சாரத் தீ எரியும் கணப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து கூடம் இரண்டு மடங்காகியது. படுக்கையறைக் கூரையில் மட்டும் கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடி.

மார்லிஸ் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கணவன் காதில் சொன்னாள்: "நம்ம பாதிரியார் மட்டும் இந்த வண்டிக்குள்ள வந்துடவே கூடாது."

வண்டியின் வயிற்றுக்குள், சாமான் வைக்கும் அறையைத் திறந்தால், மடக்கு நாற்காலிகள் அடுக்கடுக்காக இருந்தன.

"இத்தனை நாற்காலி எதுக்கு?" என்று கேட்டார் ஆர்வில்.

"யாராச்சும் வருவாங்க கண்ணு," என்றாள் ரேலீன். "எல்லாமே வண்டியோட வருது. யூமா பக்கத்துல, இந்த மாதிரி வண்டிங்க நிக்கிற முகாம்ல இந்தக் குளிர்காலத்துக்கு இடம் பிடிச்சுக் காசும் கட்டிட்டேன். அதையும் நீங்களே எடுத்துக்குங்க."

அரிசோனாப் பாலைவனத்தில் இடம்கூட இலவசம். வியாபாரியான ஆர்வில் அதற்குமேல் பேரம் பேசவில்லை. மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் விட்டதற்காகப் பின்னால் தன்னைத் தானே நொந்துகொண்டார்.

யூமா வரைக்கும் ஆர்வில்தான் ஓட்டினார். வழி நெடுக மார்லிஸ் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். முகாம் வாசலில் நுழையும்போதே காவல் கூண்டிலிருந்த பெண் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ரேலீன் வந்தாச்சு!" கண்ணாடியில் ஆர்விலின் முகத்தைப் பார்த்ததும் கைகள் மெதுவாக இறங்கின.

அவர்களுக்குரிய இடத்தில் வண்டியைப் பின்னோக்கி நிறுத்த வேண்டும். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் எல்லாரும் உதவிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் இடது என்று கை காட்டினார். ஒருவர் வலது என்றார். ஒருவர் 'வா வா' என்று அழைக்க, அவர் பக்கத்திலேயே நின்றவர் 'நில்' என்று உள்ளங்கையைக் காட்டினார். ஆர்வில் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனார். வண்டி சரியாக நின்றது. அது தன்னால்தான் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

கழிவுக் குழாயை மாட்டுவது அடுத்த வேலை. ஆர்வில் மண்டியிட்டுக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டிக்காரர் லாமர் கையில் கோப்பையோடு வந்து நின்றார். ஜார்ஜியாக்காரர், கார் விற்று ஓய்வு பெற்றவர், மூச்சு விடுவதற்காகத்தான் பேச்சை நிறுத்துவார்.

"நல்லாத் திருகிட்டீங்களா?"

"திருகிட்டேன்."

"ரேலீனோட ரெண்டாமவரும் அப்படித்தான் சொன்னாரு. அப்புறம் பூட்ஸையே தூக்கிப் போடவேண்டியதாப் போச்சு."

ஆர்வில் இன்னொரு முறை திருகினார்.

எல்லாம் முடிந்து களைத்துப்போனபோது நாலு மணி இருக்கும். மேற்கு வெயிலில் கண் கூசியது. ஆர்வில் உள்ளே போய்ப் பந்தல் பொத்தானை அழுத்தினார். வண்டியின் பக்கவாட்டிலிருந்து துணிப்பந்தல் 'உம்ம்' என்று முனகிக்கொண்டு விரிந்தது. ஓரத்தில் ஊதா விளக்குகள் எரிந்தன. ஆர்வில் ஒரே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலைவனத்தைப் பார்த்து, "ஆ" என்றார்.

முகாம் முழுக்கக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

முதலில் லாமர் வந்தார், ஒரு சட்டி பீன்ஸோடு. அவருக்குப் பின்னால் மக்காச்சோள ரொட்டி வந்தது, முட்டை வந்தது, பச்சை நிறத்தில் நடுங்கிக்கொண்டு ஜெல்லி வந்தது, ஒரு கிட்டார் வந்தது. யாரும் ஆர்விலை எதுவும் கேட்கவில்லை. நேரே வண்டியின் வயிற்றைத் திறந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எந்தக் கதவு இறுகும், எதை இடுப்பால் இடித்துத் திறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பேச்சு ஆரம்பித்தது. ஒருத்தியின் மருமகள். ஒருவரின் முழங்கால். ஆர்விலின் வலது பக்கம் உட்கார்ந்த அம்மாளுக்கு நாய் போன மாதம்தான் செத்திருந்தது.

இரவு அவர் படுத்தபோது மேலே கண்ணாடியில் இன்னொரு ஆர்வில் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் ரேலீனுக்குப் போன் போட்டார். படகுச் சத்தத்துக்கு நடுவில் அவள் கத்தினாள்: "பந்தலை விரிச்சா வாங்கன்னு அர்த்தம் கண்ணு! பத்து வருஷப் பழக்கம். நான் சொல்லலையா?"

"சொல்லலை."

"நாற்காலியைக் காட்டினேனே!"

அன்றைக்கு ஆர்வில் பந்தலைப் பாதி மட்டும் விரித்தார். லாமர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "பாதிதான் விரிச்சிருக்கீங்க. பாதிப் பேரு வந்தாப் போதுமா?" அதற்கு மறுநாள் பந்தலைத் தொடவே இல்லை. உள்ளே குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மார்லிஸ் மின் அடுப்பையும் போட்டதும் பாரம் தாங்காமல் மின்சாரம் போய்விட்டது. வெந்துபோய் வெளியே வந்தவர் ஓர் அட்டையில் 'ஓய்வில் இருக்கிறோம்' என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார்.

அரை மணியில் ஐந்து வகை சூப் வந்து சேர்ந்தது.

"என்ன உடம்புக்கு?" என்று நாய் செத்த அம்மாள் கண் கலங்கிக் கேட்டாள். "ஓய்வுன்னா சும்மாவா இருக்கும்? இதயமா?"

"இதயமெல்லாம் இல்லைங்க."

"அப்ப குடல்தான்," என்று லாமர் பின்னாலிருந்து தீர்ப்புச் சொன்னார். சூப் கொண்டு வந்தவர்கள் நோயாளிக்குத் துணையாக இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையில் பந்தல் தானாக விரிய ஆரம்பித்தது. ஆர்வில் நடந்துவிட்டுத் திரும்பினால் ஊதா விளக்கு எரிந்துகொண்டிருக்கும். "ஸ்விட்ச்ல கோளாறு போல," என்பாள் மார்லிஸ். அவள் கன்னம் சிவந்திருக்கும். கையில் அவள் ஊர்ப் பாணி ஹாட்டிஷ், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்டது, பெரிய தட்டில் ஆவி பறக்கும். கோளாறு நாலு மணிக்கு மட்டும் வருவது ஏன் என்று ஆர்வில் கேட்கவில்லை.

ஆனால் வண்டியை விற்றுவிடப் போவதாக லாமரிடம் சொல்லிவிட்டார். லாமர் திடுக்கிட்டார். அன்றே முகாம் கூடிப் பேசி, எல்லாரும் பங்கு போட்டு வண்டியை வாங்கிக்கொள்வதாக முடிவு செய்தார்கள். ஆர்வில் பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி ஓடி வந்தார்.

"மார்லிஸ்! வாங்கிக்கறாங்களாம்! நம்ம போட்ட காசு அப்படியே வந்துடும்!"

மார்லிஸ் முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த முட்டையைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வண்டி போனா நானும் வண்டியோடயே போவேன் ஆர்வில்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. முப்பது வருஷம் நீ முன்னாடி நின்னு பேசிப் பேசிக் களைச்சுட்டே. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கதை சொல்றது கேக்கும். பாதிதான் கேக்கும். அந்த மருமக கடைசியில என்ன பண்ணினான்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல. இங்க எல்லாத்தையும் முழுசாக் கேக்கறேன்."

ஆர்வில் நின்றார். அந்தப் பின்னறைக்கு ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமென்று ஒரு காலத்தில் நினைத்ததும், பிறகு அந்தச் சுவரில் இன்னும் நாலு விரிப்புச் சாய்த்து வைத்ததும் ஞாபகத்துக்கு வந்தன.

"சரி," என்றார்.

மறுநாள் காலையில் யூமாவுக்குப் போனவர், மதியம் ஒரு குட்டி வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பினார். முட்டை வடிவம். வெள்ளை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு கொக்கி. கூரை ஒழுகிய தடம் இருந்தது. பந்தல் கிடையாது; அதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கினார். முகாமின் கடைசியில், முள்மரத்தடியில் நிறுத்தினார்.

"நாலு மணியானா நான் அங்க போயிடுவேன். உன் கூட்டம் கலைஞ்சதும் வந்துடுவேன்," என்றார்.

மார்லிஸ் முட்டை வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். "நீ நிமிந்து நிக்க முடியுமா இதுக்குள்ள?"

"நிக்கறதுக்கு வாங்கலை."

முகாம் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டது. நாய் செத்த அம்மாள் ஆப்பிள் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லாமர் ஆர்விலைத் தனியே அழைத்துத் தன் மச்சான் நல்ல வக்கீல் என்றார். கடைசியில் மார்லிஸ் பந்தலடியில் நாற்காலி மேல் ஏறி நின்று எல்லாருக்கும் அறிவிக்கவேண்டியதாயிற்று: "எங்களுக்குள்ள ஒண்ணுமில்லை! நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் மட்டும்தான் விவாகரத்து!"

ஆர்விலுக்கு நல்ல காலம் பிறந்தது. முள்மரத்தடியில் உட்காருவார். பாலைவனத்தைப் பார்ப்பார். தூரத்தில் கிட்டாரும் சிரிப்பும் கேட்கும். அந்தத் தூரத்தில் அது காதுக்கு இதமாகவே இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். நெட்டையான ஒருவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஹார்லன். கான்சாஸில் கோதுமை விளைவித்தவர். அவர் மனைவிதான் பந்தலில் பாடுகிறவள். ஆர்வில் முட்டை வண்டியின் கதவைப் பார்த்தார். ஹார்லன் நாற்காலியை விரித்தார். உட்கார்ந்தார். பாலைவனத்தைப் பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போகும் வரை பார்த்தார். எழுந்தார்.

"சரி," என்றார்.

"சரி," என்றார் ஆர்வில்.

மனசுக்கு இவ்வளவு பிடித்த உரையாடலை ஆர்வில் பல வருஷமாகப் பேசியதில்லை. மறுநாள் ஹார்லனோடு இன்னொருவர் வந்தார். அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பின்னல் ஊசியோடு வந்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. வரவர முள்மரத்தின் நிழல் போதாமல் நாற்காலிகள் வெயிலுக்குள் நீண்டன. புதிதாக வந்த ஒருவர், "இன்னிக்கு வெயில் கொஞ்சம்..." என்று தொடங்கினார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. "மன்னிக்கணும்," என்று அவர் அடங்கிவிட்டார்.

இரண்டு தட்டில் சாப்பாடு எடுத்துவந்த மார்லிஸ் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா, உன் கூட்டம் என் கூட்டத்தைத் தாண்டிடும் போலிருக்கே?" என்று குசுகுசுத்தாள்.

"இது கூட்டமில்ல," என்று ஆர்வில் ரோஷமாகக் குசுகுசுத்தார். "யாருமே பேசலையே."

கடைசியில் லாமருக்கே ஆவல் வந்துவிட்டது. அப்படி அங்கே என்னதான் நடக்கிறது? ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியோடு வந்து ஆர்விலுக்கும் ஹார்லனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆர்வில் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். லாமர் பலமாகத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரம் சமாளித்தார். பிறகு வலது கால் ஆடத் தொடங்கியது. அப்புறம் இடது கால். சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். ஒரு பல்லி ஓடியது. அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஹார்லனின் முகத்தைப் பார்த்துவிட்டு முழுங்கினார். முகம் சிவந்தது, நெற்றி வியர்த்தது, கன்னம் உப்பியது. திடீரென்று நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"ஆண்டவனே! நீங்கல்லாம் உயிரோடதான் இருக்கீங்களா? யாராவது நாடி பிடிச்சுப் பாத்தீங்களா?" என்று அலறிவிட்டுப் பந்தலைப் பார்த்து ஓடினார். ஓடும்போதே பேச ஆரம்பித்துவிட்டார், யாரிடம் என்று இல்லாமல்.

ஹார்லனின் தோள் குலுங்கியது. பின்னல் அம்மாள் ஊசியைக் கீழே போட்டாள். ஆர்விலுக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டு, தொடையில் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்தச் சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது.

"யாரது அப்படிச் சிரிக்கிறது?" என்றாள் மார்லிஸ்.

"உன் வீட்டுக்காரர்தான்," என்றாள் ஹார்லனின் மனைவி.

"இருக்கவே இருக்காது," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கரண்டியோடு மார்லிஸ் முள்மரத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.