பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சாவு வீட்டுக் கதைதான். ஆனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போக விடமாட்டேன்.

மகள் அப்பாவின் முதுகுக்குத் தலையணை செருகிக்கொண்டிருந்தபோது டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்மா."

"எத்தனை சதவீதம் கஷ்டம், டாக்டர்?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

முதலீட்டு அலுவலகத்தில் கடன்பத்திரங்களின் வருமானத்தைக் கணக்கிட்டே தலை நரைத்தவர். மழை வருமா என்று கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில். தெருவே அவரைச் 'சதவீதம்' என்றுதான் கூப்பிட்டது. இப்போது அவருக்கு ஒரே கவலை. சேமிப்பெல்லாம் கடன்பத்திரத்தில் கிடந்தது. விலை கொஞ்சம் இறங்கினாலும் மனைவி பதறி விற்றுவிடுவாள். அவள் மண்டையில் கணக்கு ஏறினால்தான் நிம்மதியாகக் கண்ணை மூட முடியும்.

"இங்க வாடி. நூறு மதிப்புள்ள பத்திரம், எண்பதுக்கு வாங்கினோம். வருஷத்துக்கு ஆறு வட்டி. அஞ்சு வருஷம் கழிச்சு முழு நூறும் கைக்கு வரும். வருமானம் எத்தனை சதவீதம்?"

அம்மா சூப்பை ஆற்றிக்கொண்டே, "ஆறு" என்றாள்.

"போட்டது எண்பதுதானே?"

"அப்போ ஏழரை."

"அவ்வளவுதானா? எண்பது நூறாகுதே, அந்த இருபதை எலியா தின்னுது?"

"தின்னிருக்கும். வீட்ல எலி ஜாஸ்தி."

அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது. "சரி, வெளியில வட்டி ஏறினா நம்ம பத்திரத்தோட விலை?"

"அதுவும் ஏறும்."

பாதி எழுந்தே விட்டார். "இறங்கும்டி. புதுசு அதிக வட்டி தரும்போது நம்ம பழசை எவன் அதே விலைக்கு வாங்குவான்?"

ஒரு மாதமாக இதே பாடம், இதே தப்பு. மகளுக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் அம்மாவை மடக்கினாள்.

"அவர் நிம்மதியா போக வேணாமா? ஒரு தடவை சரியா சொல்லேம்மா."

அம்மா தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"சரியா சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு எழுந்து உட்காருவார்?"

மத்தியானம் அவரால் எழ முடியவில்லை. ஒரு கை விரிப்பைப் பற்றியிருந்தது. "வருமானம்..." என்று உதடு மட்டும் அசைந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "வட்டி ஆறு. விலையில வருஷத்துக்கு நாலு. ஆக பத்து. எண்பதுக்கும் நூறுக்கும் நடுவுல தொண்ணூறு. பத்தைத் தொண்ணூறால வகுத்தா பதினொன்னுக்குக் கொஞ்சம் மேல. நடுவுல விலை இறங்கினா இறங்கட்டும், முதிர்ற வரைக்கும் தொடமாட்டேன்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "எப்பலேர்ந்துடி தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்தே."

"கள்ளி" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேசாமலே, பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

மறுநாள் சித்தப்பா மெல்ல வந்து நின்றார். "அண்ணி, பத்திரம் விலை இறங்குதாம். வித்துடலாமா?"

"வெளியில வட்டி ஏறியிருக்கும் தம்பி. இறங்கட்டும்."

"அண்ணன் சொல்லிக் கொடுத்தாரா?"

"ஒரு மாசமா நாந்தான் தப்புத்தப்பா சொல்லிக்கிட்டிருந்தேன்."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. மகள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா கட்டில் விரிப்பை இழுத்து நீவினாள். கை பற்றிக் கசங்கிய ஓரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

கண்ணுகளா, நீங்கள் தப்பாகச் சொன்னால் எழுந்து உட்கார்ந்து திருத்துகிற ஆட்களால் உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.