சோதிக்காத ரத்தம்

கடிதத்தை இரண்டாம் முறை படித்துவிட்டு டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தபோதே நல்ல செய்தி இல்லை என்று அமலராணிக்குப் புரிந்துவிட்டது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த அந்த ஆராய்ச்சிப் பிரிவில் அவள் களப்பணியாளர். பூச்சிமருந்து அடிக்கிற பூந்தோட்டத்து ஊர்களில் இத்தனை பெண்களுக்குக் கரு ஏன் தங்குவதில்லை என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. இரண்டு வருடமாகக் கன்னிவாடிப் பக்கம் வீடுவீடாக ஏறி இறங்கி, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். மூன்றாம் வருடம்தான் அதையெல்லாம் பெரிய லேபுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

"புது பட்ஜெட்ல ஆராய்ச்சிக்குள்ள பணத்தக் கொறைச்சிட்டாங்க. பாதியில நிக்கிறதெல்லாம் இந்த மாசத்தோட மூடணுமாம்," என்றார் டாக்டர். "ஆறு மாசம் கேட்டு நானும் எழுதிப் பாத்துட்டேன்."

"எடுத்து வச்சிருக்க ரத்தம் சார்?"

"அழிச்சிரச் சொல்லிருக்கு."

"அந்தப் பொம்பளைகளுக்கு என்ன சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரியலன்னு சொல்லும்மா. சோதிக்காம மருந்துதான் காரணம்னு நம்ம சொன்னா அது பொய்."

மறுநாள் காலை அவள் முதலில் போனது சண்முகவள்ளி வீட்டுக்கு. மூன்று தடவை கலைந்து, இப்போது ஐந்தாம் மாதம். ரிசல்ட் வரும்வரை அவள் தோட்டத்தில் கால் வைக்க வேண்டாம் என்று புருஷன் மலைச்சாமி ஒப்புக்கொண்டிருந்தான். குத்தகைக்கு எடுத்த மல்லிகைத் தோட்டத்தில் மருந்து அடிப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, விடியலில் பூ எடுப்பது எல்லாவற்றையும் மூன்று மாதமாக ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தான். கண்கள் குழிவிழுந்திருந்தன.

அமலராணி மெல்ல விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். "அண்ணே, எங்க ஆபீஸ மூடுறாங்க. சோதனை பண்றதுக்குக் கவுருமெண்டுல பணம் இல்லையாம்."

மலைச்சாமி கேட்டுக்கொண்டே கைகளைத் துண்டில் துடைத்தான். "அப்ப மருந்துல ஒண்ணும் இல்லேன்னுதான அர்த்தம். இருந்தா கவுருமெண்டு இப்பிடிப் பாதியில விட்டுட்டுப் போகுமா?" அவன் குரலில் கோபமே இல்லை. பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. மனைவியின் பக்கம் திரும்பினான். "நாளையிலிருந்து நீயும் வா புள்ள. என்னால ஏலல."

சண்முகவள்ளி வயிற்றின் மேல் கையை வைத்தபடி அமலராணியையே பார்த்தாள்.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மை இந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் வேறொன்றாக மாறிவிட்டதை அமலராணி கண்ணால் பார்த்தாள்.

"இவளோடதை மட்டும் முன்னாலயே சோதிச்சிட்டாங்கண்ணே," என்றாள். "ரத்தத்துல மருந்து இருக்கு. போகக்கூடாது."

மலைச்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சண்முகவள்ளி விசும்பத் தொடங்கினாள். பயத்தில் அழுகிறாளா, தப்பித்ததற்கு அழுகிறாளா என்று அமலராணியால் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தாள்.

அடுத்த வீட்டு ஜக்கம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள். இவளுக்கும் இரண்டு கலைந்திருக்கிறது. புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். நாலைந்து தோட்டங்களுக்கு மருந்து கலக்கிக் கொடுத்துத்தான் அவள் அடுப்பு எரிகிறது. சுவருக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, எனக்கும் நாள் தள்ளிப் போயிருக்கு. இன்னும் யாருக்கும் சொல்லல," என்றாள் தணிந்த குரலில். "என் ரத்தத்துல என்னக்கா இருந்துச்சு?"

அமலராணி சண்முகவள்ளி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"தோட்டத்துக்குப் போகாதேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. வேற எதுனாலும் சொல்லுங்க."

ஜக்கம்மாள் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்க, அதன் மேல் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.