கயிற்றைப் பிடித்தவர்

என் கணவர் பெஞ்சமின் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். ஆராய்ச்சி சமூக நிகழ்வியலில். அது என்ன என்று கேட்பவர்களிடம், "நீயும் நானும் எப்ப 'நாம' ஆகறோம்னு பாக்கறது" என்பார்.

அதைப் பார்க்க எட்டு வருடம் சனிக்கிழமைதோறும் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனார். அங்கே கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று இழுக்கும்போது கயிற்றில் கை வைத்த எவருக்கும் மீனில் பங்கு உண்டு. அவருக்கும் கொடுத்தார்கள். கயிற்றைப் பிடித்தவனை யாரும் 'நீ யார்' என்று கேட்பதில்லை என்று நீண்ட கட்டுரை எழுதினார். மதுராந்தகத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்களின் மகன் அவர். பள்ளியில் தனியே உட்கார வைக்கப்பட்டவர். பேராசிரியர் பதவி உயர்வும் அந்தக் கட்டுரையை நம்பியிருந்தது.

அதை ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு நானும் குப்பத்துக்குப் போனேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த பார்வதத்திடம், "இவர் நல்லா இழுக்கறாரா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"சாரா? சும்மா புடிச்சிகினு நிப்பாரு. கயிறு கால்ல சுத்திக்கப் போவுதுன்னு பின்னாடி ஒரு ஆள நிறுத்தணும். அது வேற பேஜாரு."

"அப்ப எதுக்குப் பங்கு?"

"காலேஜ் வாத்தியாரு, வெறுங்கையா அனுப்ப முடியுமா? பங்குன்னா எங்காளுங்க சண்ட போட்டுதான் வாங்குவாங்க. சாரு என்னிக்கினா சண்ட போட்டிருக்காரா?"

திரும்பும் பேருந்தில் சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். செங்கல்பட்டில் இறங்கியபின், "அப்ப அங்கயும் என்னைத் தனியாதான் வச்சிருக்காங்க, ஜாய்ஸ். ஒசரத்துல வச்சதால எனக்குத் தெரியல" என்றார்.

கட்டுரையை அனுப்பவில்லை. பதவி உயர்வும் வரவில்லை. பார்வதம் சொன்னதிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார். நான்கு பக்கம் முடிந்திருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார்.

போன வாரம் அவருடைய மாணவர் ஜெபகுமார் கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்து, நினைவு மலருக்குப் பழைய கட்டுரையைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"இருக்கட்டும்மா. சார் எழுதினதுல அதுதான் பெஸ்ட். குப்பத்துல யாரு படிக்கப் போறாங்க?"

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அதை வாசித்தால் அவர் பேசுவதுபோலவே இருக்கும். ஆனாலும் அந்த நான்கு பக்கங்களைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதியில நிக்குதே" என்றார்.

"அவர் நிறுத்தின இடம் வரைக்கும் போடுப்பா. பார்வதம் பேரை மாத்தாத. அவங்ககிட்ட கேட்டுட்டேன்."