நாலு பைச் சட்டை

1979 பிப்ரவரி. எல்லையைத் தாண்டி வியட்நாமுக்குள் நாங்கள் நுழைந்த நான்காம் நாள். அப்போது எங்கள் சீனப் படையில் பதவிச் சின்னம் என்று எதுவும் கிடையாது. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஒரே பச்சைச் சட்டை. சிப்பாய்க்கு மார்பில் இரண்டு பை. அதிகாரிக்கு அதோடு கீழேயும் இரண்டு. எதிரிகள் மரத்தின் மேலிருந்து அந்தக் கீழ்ப் பைகளைத் தேடித்தான் சுட்டார்கள். அதனால் அதிகாரிகளுக்கெல்லாம் சிப்பாய்ச் சட்டையை மாட்டிவிட்டு, அவர்களுடைய சட்டைகளை மூட்டை கட்டி வைத்தாயிற்று.

நான் சமையல்காரன், பெயர் நோங் பாவ்ஷான். அன்று காலை அடுப்பில் என் சட்டை கருகிவிட்டது. கிடங்குக்காரர் அந்த மூட்டையிலிருந்து ஒன்றை உருவி வீசினார். குளிருக்கு ஏதோ ஒன்று என்று போட்டுக்கொண்டு, சோற்று வாளியோடு மலையேறினேன்.

பாதி வழியில் குண்டு விழ ஆரம்பித்தது. பனிமூட்டத்தில் கால் தவறி ஒரு பள்ளத்துக்குள் உருண்டேன். அங்கே பதினோரு பேர் பதுங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு படைக் கம்பெனி, யாருக்கும் யாரையும் தெரியாது. அவர்களில் ஒருவன் மட்டும் தனியாக, கைகளைத் தலைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். இரண்டு துப்பாக்கிகள் அவன் முகத்துக்கு நேராக இருந்தன.

"தலைவரே, நல்ல வேளை வந்தீங்க!" என்றான் ஒரு நெட்டையன், என் பைகளைப் பார்த்தபடி. "இவன் பிளட்டூன் தலைவராம். பேரு பான் ரூலினாம். ரெண்டு பையை வெச்சுக்கிட்டு எங்களை அதட்டுறான். வியட்நாம்காரனும், முன்னே சிநேகமா இருந்தப்ப நாம குடுத்த இதே துணியைத்தானே போட்டிருக்கான்?"

"அடேய், எல்லா அதிகாரியும் ரெண்டு பைக்கு மாறியாச்சுடா!" என்று கத்தினான் பான்.

"அப்ப இவருக்கு மட்டும் எப்படி நாலு?" என்றான் நெட்டையன்.

ஒரு குண்டு பள்ளத்தின் விளிம்பிலேயே விழுந்து மண்ணை வாரி இறைத்தது. அடுத்தது உள்ளே விழும்.

நான் பான் அருகில் குனிந்து, எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டேன். "புத்தாண்டு ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"கொழுக்கட்டை. எங்களுக்குக் கடைசிப் பந்தி. எல்லாம் வெந்து பிஞ்சுபோச்சு. கஞ்சி மாதிரி குடிச்சோம்."

வேவு பார்க்க வந்தவன் நல்ல சாப்பாட்டைத்தான் சொல்லியிருப்பான். "நான் சமையல்காரன்," என்று அவன் காதில் சொன்னேன். "இந்தா, சட்டையை நீ போட்டுக்கோ."

அவன் தலையை ஆட்டி மறுத்தான். "மாத்தினா ரெண்டு பேரையும் நம்ப மாட்டானுங்க. நேரமில்ல. நீங்களே போட்டிருங்க. நான் முதுகுக்குப் பின்னால நின்னு சொல்றேன், நீங்க சத்தமா சொல்லுங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா அண்ணே, முதல்ல உங்களைத்தான் சுடுவான்."

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பதினோரு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"துப்பாக்கியை இறக்குங்க! அவன் நம்ம ஆளுதான்," என்றேன்.

பான் முணுமுணுத்தான், நான் கத்தினேன். "மூணு மூணு பேரா! இடது பக்கம், மூங்கில் காட்டுக்கு! குண்டு விழுந்த உடனே ஓடணும்!" நெட்டையன்தான் முதலில் எழுந்தான். நானும் பானும் கடைசியாக, திறந்த வெளியில் ஓடினோம். நாற்பது அடி இருக்கும். என் தோளில் சம்மட்டியால் அடித்தது போலிருந்தது. விழுந்த என்னைக் காலைப் பிடித்துப் பான் மூங்கிலுக்குள் இழுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சட்டையைப் பார்த்து என்னை அதிகாரிகள் வார்டில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு நாள் டின் பாலும் முட்டையும். மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். நர்ஸ் சிரித்துவிட்டு என்னைச் சிப்பாய்கள் வார்டுக்கு மாற்றினாள்.

அங்கே பான் பார்க்க வந்தான்.

"பள்ளத்துல இருந்த பதினோரு பேர்ல ஒன்பது பேர் பிழைச்சோம் அண்ணே."

"மத்த ரெண்டு பேர்?"

"ஒருத்தன் அந்த நெட்டையன்."

"அவன் பேரென்ன?"

பான் தொப்பியைக் கழற்றினான். "ஒவ்வொரு கம்பெனியா போய்க் கேட்டுட்டேன்," என்றான். "இன்னும் தெரியல."