ஐந்தாம் பக்கம்

எங்கள் எரிசக்திப் பொறியாளர் சங்கத்தில் சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒன்றை எழுத வேண்டும்: வேலையில் செய்த பெரிய தவறு, அதில் கற்ற பாடம். கானாவின் தலைநகரான இந்த அக்ராவில் எந்தப் புத்திசாலியும் அங்கே உண்மையை எழுதியதில்லை. நான் என் காலத்தில், 'அறிக்கைகளை அளவுக்கு மீறித் திருத்தி நேரத்தை வீணாக்கினேன்' என்று எழுதினேன். நேர்காணலில் சிரித்தார்கள், டீ கொடுத்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை யாருமே படிப்பதில்லை. அதனால்தான் யாய்ராவின் விண்ணப்பத்தில் பரிந்துரைக் கையெழுத்தை நானும் படிக்காமல் போட்டுத் தொலைத்தேன்.

யாய்ரா எனக்குக் கீழே தேமா துணைமின் நிலையத்தில் வேலை பார்ப்பவள். கம்பிகளில் மின்சாரம் விடும் உத்தரவில் சங்க உறுப்பினர் மட்டுமே கையெழுத்திடலாம் என்று இந்த ஆண்டு சட்டம் வந்துவிட்டது. சங்கம் கைவிட்டால் அவளுக்குக் கிடங்கில் கம்பிச்சுருள் எண்ணுகிற வேலைதான்.

நேர்காணலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தலைவர் லார்ட்டே, ஓய்வுபெற்ற குவார்ட்சன் அம்மா, நான். குவார்ட்சன் அம்மாவுக்கு அன்று என்ன தோன்றியதோ, ஐந்தாம் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, கம்பியில வேலை செஞ்சுக்கிட்டிருந்த டெட்டேவோட பூட்டை நான் வெட்டினேன். அவர் கீழே இறங்கிட்டாருன்னு போன்ல சொன்னாங்க. நான் போய்ப் பார்க்கல. மின்சாரம் விட்டேன். அவர் செத்துட்டார்."

கம்பியில் ஏறுகிறவன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவான். அவன் இறங்கி வந்து திறக்கும்வரை மந்திரியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. அன்று மந்திரிதான் வந்திருந்தார், தொழிற்சாலை திறக்க; அங்கே மின்சாரம் இல்லை. போன் செய்தது நான். டெட்டே இறங்கிவிட்டானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவனே பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஏறினான் என்று பிறகு அறிக்கை எழுதியதும் நான்தான். தப்பு அவனுடையது என்று ஆனதால் அவன் மனைவிக்கு நஷ்டஈடாக ஒரு காசுகூட வரவில்லை.

"போன் பண்ணது யாரும்மா?" என்று கேட்டார் குவார்ட்சன் அம்மா.

"பேரை எழுதல மேடம். அவரே சொல்லட்டும்னு விட்டேன்." யாய்ரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"யார் பண்ணா என்ன? வெட்டின கை யாரோடது?" என்றேன்.

"என்னோடதுதான் சார்."

"அறிக்கையில வேற மாதிரி இருக்கே, பெடியாகோ?" என்று என்னிடம் கேட்டார் லார்ட்டே.

"இவ சொன்னதை வெச்சுத்தான் எழுதினேன் தலைவரே. இப்படி ஏமாத்துவாள்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"சார்..." என்றாள். பிறகு, "நீங்கதானே சார் போன் பண்ணீங்க?" என்றாள்.

லார்ட்டே கோப்பை மூடினார். "செத்தவன் மேல பழியைப் போட்டாச்சு, இப்போ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷன் மேலயா? உன்னை மாதிரி ஆளுக்கு இங்கே இடம் இல்லைம்மா. உன் ஆபீசுக்கும் எழுதிடறோம்."

குவார்ட்சன் அம்மா வாயைத் திறந்தார். லார்ட்டே, மதியச் சாப்பாட்டுக்கு வந்த கென்கேயும் மீனும் ஆறிப்போகிறது என்றதும் மூடிக்கொண்டார். கடிதத்தை நானே எழுதுவதாகச் சொன்னேன்.

தாழ்வாரத்தில் யாய்ரா காத்திருந்தாள். அழவில்லை.

"சார், டெட்டேவோட சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு நீங்க உண்மையைச் சொல்லுவீங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். கீழே உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்டயாவது சொல்லுங்க."

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பிறகுதான் ஓட வேண்டிய தேவையே இல்லை என்று புரிந்தது. அவளோடு நானே இறங்கிப் போனேன். மாக்கு என்ற அந்தப் பெண் கறுப்புத் துணியை உடுத்தி, மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று ஆண்டில் பாதியாகியிருந்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் என் வாயைக் கட்டவில்லை.

"மாக்கு, உன் புருஷன் மேல தப்பே இல்லைம்மா. அவன் பூட்டை வெட்டினது இவதான். இன்னைக்குத்தான் அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா. சங்கத்துல இவளுக்கு இடமில்லைன்னு துரத்திட்டோம்."

மாக்கு மெல்ல எழுந்தாள். "நிஜமா?" என்று யாய்ராவைக் கேட்டாள்.

யாய்ராவால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா. ஆனா..." என்றாள். அதற்குமேல் மாக்கு அவளைப் பேச விடவில்லை. யாய்ராவின் முகத்தில் காறித் துப்பினாள்.

பிறகு மாக்கு என் பக்கம் திரும்பி, என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "மூணு வருஷமா ஊரே அவரை முட்டாள்னுச்சு ஐயா. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க. உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும்."

நான் ஆமென் என்றேன்.