சார்ஜிங் ரூம் சாவி

காலை எட்டு மணி ஷிஃப்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெய்வநாயகம் தன் பெண்டாட்டிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினான். சம்பளத்துக்கோ செலவுக்கோ இல்லை, வண்டிச் சாவிக்கு. அன்புக்கரசி ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, இங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினாள். பதினாலு வருஷமாகப் பாரம் தூக்கும் அந்த ஃபோர்க்லிஃப்டை ஓட்டுகிறவன், ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கட்டத்தில் பெயரை எழுதிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். பின்னால் வரிசையில் நின்ற பேக்கிங் கலியமூர்த்தி, “அண்ணன் வூட்லயும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டுச் சோறு வாங்குவாரு போல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வநாயகமும் சிரித்தான். சிரித்துத்தானே ஆக வேண்டும்.

விருத்தாசலத்தில் இருக்கிற எத்தனையோ பீங்கான் கம்பெனிகளில் இது நடுத்தரமானது. கழுவுதொட்டிகள் செய்கிறார்கள். டீசல் வண்டியின் புகை பூச்சு காயாத தொட்டிகளில் படிகிறது என்று பேட்டரி வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டுவதும், அதன் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றி சார்ஜ் போடுவதும் தெய்வநாயகத்தின் வேலை. பேட்டரிகள் இரண்டு. ஒன்று வண்டியில் ஓடும், இன்னொன்று சார்ஜிங் ரூமில் ஸ்டாண்டின் மேல் ஏறும். ஒவ்வொன்றும் ஒரு மாட்டின் எடை இருக்கும், தலையில் இருபத்து நான்கு மூடிகள். அதைத் தொட மற்றவர்கள் பயந்தார்கள், அந்தப் பயத்தில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. அன்புக்கரசி அப்போது பூச்சுப் பிரிவில் ஸ்பாஞ்சு வைத்துத் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேளையில் அவன் வண்டியோடு வந்து நின்றால் மற்றப் பெண்கள் அவளை இடுப்பில் இடிப்பார்கள்.

எல்லாம் இந்தப் பொங்கலுக்குப் பிறகு மாறியது. ஆறு வருஷம் உழைக்க வேண்டிய பேட்டரி மூன்றாவது வருஷமே படுத்துவிட்டதென்று, பேட்டரி கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து இரண்டு நாள் வகுப்பு வைத்தார் மேனேஜர் ராஜமாணிக்கம். பிரிவுக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்ததில் அன்புக்கரசியும் வந்து உட்கார்ந்தாள். முதல் கேள்வியே தெய்வநாயகத்தைப் பார்த்துத்தான் வந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுவீர்களா, சார்ஜ் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவீர்களா? அவன் எழுந்து நின்று, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தானே ஏரில் பூட்டுவோம், அப்படித்தான் என்று சொன்னான். நன்றாகச் சொன்னதாக வேறு நினைத்தான். இன்ஜினியர் வேறு யாராவது என்று கேட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து அன்புக்கரசியின் குரல் வந்தது. “சார்ஜ் ஏற ஏற உள்ள இருக்குறது பொங்கும் சார். மொதல்லயே ரொப்பிட்டா ஆசிட்டு வெளிய வழிஞ்சிரும். தகடு முங்குற அளவுக்கு இருந்தாப் போதும், மிச்சத்த சார்ஜ் முடிஞ்சப்புறம் ஊத்தணும்.”

காலையில் கொடுத்த தாளை டீ வேளையில் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பதிலில் பதினாலு வருஷம் அவன் செய்ததெல்லாம் தப்பு என்று இருபது பேருக்குத் தெரிந்துபோனது. அடுத்த வாரம் சார்ஜிங் ரூம் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். ரப்பர் கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கும் ஏப்ரன், ரூம் சாவி, அதோடு வண்டிச் சாவியைக் கொடுத்து வாங்கும் பொறுப்பும். அன்றிலிருந்து சாவி அவள் இடுப்பில்தான்.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு நான்கு மாதம் ஆனது. மேனேஜர் அவளை ‘வாங்கம்மா’ என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை. பேட்டரியின் மேல் ஸ்பானரை வைத்த எலக்ட்ரீஷியனை அவள் அதட்டியதும், அவன் ‘சாரி’ என்றதும் பிடிக்கவில்லை. இரவு சாப்பிடும்போது, பெட்ரோல் பங்க் மாதிரிதான் அந்த ரூமும், சார்ஜ் ஏறும்போது வருகிற வாயுவுக்கு ஒரு பொறி போதும் என்று மகள் இனியாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை வாயைப் பிளந்து கேட்டது. இதே பேட்டரியைப் பற்றி இவன் எத்தனை நாள் பேசியிருப்பான், அப்போதெல்லாம் அது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யார் வந்து அந்தச் சாவியை வாங்கியிருந்தாலும் நாலு நாள் திட்டித் தீர்த்திருப்பான். இவளை எங்கே போய்த் திட்டுவது? இவளிடம்தானே போய்த் திட்டியாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்தாள். தகடுகள் முங்கித்தான் இருந்தன. மூடிகளைப் போட்டுவிட்டு ரிஜிஸ்டரில் ‘தண்ணீர் ஊற்றவில்லை’ என்று எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்க எடுத்துக்கொண்டு போனாள். கையெழுத்தாகாமல் சுவிட்சைப் போடக் கூடாது என்பது விதி. ஆபீஸ் கட்டிடம் கிளே மண் மூட்டைகள் அடுக்கிய கொட்டகைக்கு அந்தப் பக்கம். போய் வரப் பத்து நிமிஷம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது.

தெய்வநாயகம் உள்ளே போய் டிஸ்டில்ட் வாட்டர் கேனை எடுத்தான். சுவர் ஓரத்து வரிசையில் எட்டு மூடிகள். முன்னாலிருந்து பார்த்தால் அவை தெரியாது. பேட்டரியின் மேல் குனிந்து சாய்ந்து, கையை எட்டி, எட்டிலும் கழுத்து வரை ஊற்றினான். ஏப்ரன் கொக்கியில்தான் தொங்கியது, அதை மாட்ட நேரமில்லை. யாரும் சாகப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தரை கொஞ்சம் நனையும், மேனேஜர் ஒரு வார்த்தை சொல்வார், அவள் முகம் ஒரு நாள் வாடும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த முகத்தை ஒரே ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட வேண்டும்.

மதியம் இரண்டரைக்குப் பொங்கியது. மூடிகளின் ஓரம் நுரைத்து, ஸ்டாண்டின் காலில் வழிந்து, வாசலுக்கருகே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் போனது. நெடி தொண்டையைப் பிடித்தது. தெய்வநாயகம்தான் முதலில் பார்த்தான், பார்க்கக் காத்திருந்தவன் அவன்தானே. ஆனால் கண்ணால் பார்த்ததும் உடம்பு பதறிவிட்டது. சார்ஜர் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று வாசலுக்கு ஓடினான். அன்புக்கரசி குறுக்கே வந்து அவன் மார்பில் கையை வைத்து நிறுத்தினாள்.

“மெயின நிறுத்தாம வயர இழுத்தாப் பொறி பறக்கும். நீங்க வெளிய நில்லுங்க.”

வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிற்க வைத்துவிட்டாள். தடுப்பை முகத்தில் இறக்கி, கையுறை மாட்டி, சுவரிலிருந்த மெயினை அணைத்து, அதன் பிறகு வயரைக் கழற்றி, வாளியிலிருந்த, ஆசிட்டை முறிக்கும் சோடா மாவை அள்ளித் தரை முழுக்கப் போட்டாள். அது சீறி அடங்கியது. ஒரு கத்தல் இல்லை, ஒரு ஓட்டம் இல்லை. கூட்டம் கூடி நின்று பார்த்தது. அவன் விரித்த வலையில் அவள் விழாமல் நின்றதுகூடப் பரவாயில்லை, அதையும் இவ்வளவு அழகாகச் செய்ய வேண்டுமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜமாணிக்கம் மூடிகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சுவர் ஓரத்து எட்டு மூடிகளுக்கடியிலும் விளிம்பு வரை தண்ணீர். ரிஜிஸ்டரில் ‘தண்ணீர் ஊற்றவில்லை’, கீழே அவருடைய கையெழுத்து. அதுதான் அவரைச் சுட்டது. வழிந்தது பெரிசில்லம்மா, பொய் எழுதி என்கிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கீங்களே என்றார். அவள் ஊற்றவில்லை என்றாள். இரண்டாவது தரமும் அதையே சொன்னாள். திங்கட்கிழமை இன்ஜினியர் வருவார், அவர் முன்னால் பேசிக்கொள்வோம், அதுவரை சாவி தெய்வநாயகத்திடம் இருக்கட்டும் என்று அவர் முடித்தார். அவள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். ரிஜிஸ்டர் மேனேஜர் கையில்தான் இருந்தது, யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

வீடு திரும்பும் பெண்ணாடம் பஸ்ஸில் அவளுக்கு முன்பக்கம் உட்கார இடம் கிடைத்தது, அவன் பின்னால் நின்றான். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. பாக்கெட்டில் சாவி கனத்தது, அந்தக் கனம் நன்றாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் தலை நிமிர்ந்து பஸ்ஸில் நின்றான். இறங்கி நடக்கும்போது அவள் சொன்னாள்.

“நான் ஊத்தல.”

“மறந்துபோய் ஊத்தியிருப்ப. மனுசங்கதான.”

அவள் நின்று அவனைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். அன்று இரவு அவள் வழக்கம்போலச் சமைத்தாள். சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது, அது அவனுக்கு என்னவோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் துவைக்கிற நாள். அவன் கொல்லைப்புறத்தில் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் துணிகளைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டுக்கொண்டு வந்தாள். உதறுகிற சத்தம் ஒரு இடத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய நீலச் சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். பொங்கலுக்குப் பிறகு கொடுத்த புதுச் சட்டை. இடுப்புக்கு மேலே குறுக்காக, கடுகும் மிளகுமாகப் பத்துப் பதினைந்து ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் வெயில் தெரிந்தது.

வகுப்பில் இன்ஜினியர் கடைசியாகச் சொன்னது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேட்டரியின் தலையில் எப்போதும் ஆசிட் ஈரம் கொஞ்சம் இருக்கும், பருத்தித் துணியில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைக்கும்போதுதான் அந்த இடம் உதிர்ந்து விழும், அதனால் ஏப்ரன் இல்லாமல் யாரும் அதன் மேல் சாயாதீர்கள். நேற்று மதியம் உதவிக்கு ஓடினேனே, அப்போது பட்டிருக்கும் என்று சொல்லலாமா என்று யோசித்தான். அப்போது அவனை வாசற்படி தாண்ட விடாமல் நிறுத்தியவள் அவள்தான். அதற்கு முன் நான்கு மாதமாக அவன் அந்த ரூமுக்குள் கால் வைத்ததில்லை என்பதும் அவளுக்குத்தான் தெரியும். கையில் மீன் வழுக்கியது.

அவள் சட்டையை மறுபடி உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, அடுத்த துணியை எடுத்தாள். சாயந்திரம் அதை இஸ்திரி போட்டாள். அந்த ஓட்டைகளின் மேல் பெட்டியை மெதுவாக, துணி மேலும் கிழியாமல் ஓட்டினாள். அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை காலை சட்டை கதவுக் கொக்கியில் தொங்கியது.

“இதப் போட்டுக்கிட்டு வாங்க” என்றாள்.

“வேற சட்ட இருக்குதே.”

“இருக்குது.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். அலமாரியில் வேறு இரண்டு சட்டைகள் மடித்திருந்தன. ஒன்றை எடுத்தான், வைத்தான். நீலச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டான். பனியன் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. சாப்பாட்டுப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து பஸ்ஸைப் பிடித்தான்.

அன்புக்கரசி இருவர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவனைக் கண்டதும் பையை எடுத்தாள். உட்கார்ந்தான். இன்ஜினியர் எத்தனை மணிக்கு வருவாராம் என்று கேட்டான். பத்தரைக்கு என்றாள். அவன் ஓட்டைகளை மறைத்திருந்த தன் சாப்பாட்டுப் பையை வயிற்றின் மேல் இன்னும் இறுக்கிக்கொண்டான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் திரும்பாமலே கையை நீட்டி, அந்தப் பையை அவனிடமிருந்து மெல்ல வாங்கித் தன் மடியில், தன் பையின் மேல் வைத்துக்கொண்டாள். ஜன்னல் காற்று சட்டைக்குள் வந்து போனது.